ஈரமணலும் காலைவெயிலும்: அய்யனார் கோவிலில் கோடைக்காலப் பட்டாம்பூச்சிகள்

பட்டாம்பூச்சிகளைக் காண்பதற்கும் படமெடுப்பதற்கும் ஆங்கிலத்தில் வெளிவந்துள்ள வழிகாட்டி நூல்கள் பலவற்றில் தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புப் புல்வெளிகளுக்குச் சிறப்பான இடம் உண்டு. கிரெட்டேசியக் காலக் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகி வெண்மையான மென்பாறையாகி, அதன்மேல் மெல்லிய, சத்துக் குறைந்த மண் போர்த்து, அம்மண்ணில் ஆடுகளும் முயல்களும் மேய்ந்து மேய்ந்து குட்டையாகவே நிற்கும் புல்பரப்பையே சுண்ணாம்புப் புல்வெளி என்கின்றனர். சத்தான மண்ணில் ஓங்கி வளரும் முரட்டுப் புற்கள் அங்கே தலையெடுக்க முடியாததால் சிறுபூச்செடிகள் நெருங்கி வளர்கின்றன. அவற்றுள் ஒன்றான, லாடம் போன்று வளைந்த காய்களையுடைய பயறினச் செடியை மட்டுமே உண்டு வளரும் சாக்ஹில் புளூ, அடோனிஸ் புளூ ஆகிய நீலநிறச் சிறு பட்டாம்பூச்சிகள் அப்புல்வெளிகளை விட்டுப் பிற இடங்களில் அரிதாகவே நிலைக்கின்றன. காற்று அடங்கிய, வெயில் தெளிந்த கோடை நாளாகத் தேர்ந்தெடுத்து, நண்பகலை ஒட்டிய வேளையில் புல்வெளிச் சரிவில் நடக்குமாறு அந்நூல்கள் கூறுகின்றன. குளிர்நாட்டுக்கு அது மிகச் சரியான அறிவுரை. அதே அறிவுரையைக் கையில் வைத்துக்கொண்டு சித்திரை, வைகாசி மாதங்களில் ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள அய்யனார் கோவிலுக்கு நண்பகலில் வந்து சேர்பவர், சுடும் பாறையையும் கருகிய புல்லையும் கண்டு, இங்கே பட்டாம்பூச்சிகளே இல்லை என்ற தவறான முடிவுடன் திரும்பக்கூடும். அதே ஓடைக்கரையில் காலை எட்டு மணிக்கு ஈரமணல் தெரியாதபடி சிறகுகள் மூடிக் கிடந்திருக்கலாம். ஆகவே இவ்வத்தியாயம், இந்த மலையடிவாரத்தின் கோடைக்கு உரிய நேரத்தையும் இடத்தையும் முதலில் வகுத்துக்கொண்டு, கேமராவைப் பற்றிப் பின்னர் பேசுகிறது.

நிலத்தின் இயல்பு

ராஜபாளையத்திலிருந்து முடங்கியாற்றுச் சாலை வழியாக மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால், நகருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தையும் தென்னந்தோப்புகளையும் மாந்தோப்புகளையும் கடந்து, மலையிலிருந்து இறங்கும் ஓடையின் கரையில் நீர்காத்த அய்யனார் கோவிலை அடையலாம். கோவிலுக்கு மேலே பாறைகளின் ஊடாக அய்யனார் அருவி விழுகிறது. விருதுநகர் மாவட்டத்தின் சமவெளியில் சிமென்ட் ஆலைகளுக்குப் பயன்படும் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது என்றாலும், அது இங்கிலாந்தின் மென்மையான வெண்பாறை போன்றதன்று. கோவிலை ஒட்டிய மலையோ சார்னோகைட், நைஸ் ஆகிய கடும்பாறைகளால் ஆனது. எனவே சுண்ணாம்புப் புல்வெளியை இங்கே தேடுவதில் பயனில்லை. ஆனால் மெல்லிய மண், குட்டையான புல், இடையிடையே முட்புதர், அருகிலேயே நிழலும் நீரும் என்ற சேர்க்கை இங்கும் உண்டு. ஒரு கிலோமீட்டருக்குள் தோப்பு, முட்காடு, புல் படர்ந்த பாறைச்சரிவு, ஓடைக்கரை மரச்சோலை ஆகிய நான்கு வகை வாழிடங்களை அடுத்தடுத்துக் காண முடிவதே இந்த இடத்தின் பெருஞ்சிறப்பு.

இம்மலைப்பகுதி, நரை அணிலைக் காப்பதற்காக 1988-இல் அமைக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயத்தைச் சேர்ந்தது. அச்சரணாலயமும் அதை ஒட்டிய மேகமலைக் காடுகளும் இணைக்கப்பட்டு, 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமான ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. அதன் பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதிலும் 330-க்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்கள் பதிவாகியுள்ளன. ஒரு நாள் நடையில் அவற்றுள் மிகச் சிறு பகுதியையே காண முடியும். அதிலும் கோடையில் எண்ணிக்கை குறையும். கோடைக்கு வருபவர் இனங்களின் பட்டியலை நீட்டுவதைவிட, நீரை நாடி ஓரிடத்தில் கூடும் பூச்சிகளின் நடத்தையை நெருங்கிப் பார்ப்பதையே குறிக்கோளாகக் கொள்வது நல்லது, ஏனெனில் மழைக்காலத்தில் காடெங்கும் சிதறிப் பறக்கும் பூச்சிகள் இவ்வளவு அருகில் இவ்வளவு நேரம் நிற்பதில்லை.

மாதமும் நேரமும்

இந்த மலைச்சரிவு மழைமறைவுப் பகுதி. அதாவது, தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி வரும்போது பெருமளவு வறண்டுவிடுகிறது. இப்பக்கத்துக்கு முதன்மையான மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. பட்டாம்பூச்சிகள் மிகுதியாகப் பெருகுவதும் அந்த மழையைத் தொடர்ந்த மாதங்களில்தான். கோடையில் அவற்றைத் தாங்குவது இடையிடையே வரும் கோடைமழை. சித்திரையில் ஒரு மாலை இடியுடன் மழை பெய்து, மறுநாள் காலை வானம் வெளுத்திருக்குமானால், அந்தக் காலையைத் தவறவிடக் கூடாது. காய்ந்து கிடந்த மணலில் கரைந்த உப்புகள் மேலெழும்பியிருக்கும், புதிதாகக் கூட்டிலிருந்து வெளிவந்த பூச்சிகளும் இருக்கும்.

பட்டாம்பூச்சி குளிர்குருதி உயிர். அதன் பறக்கும் தசைகள் வேலை செய்ய, உடல் ஓரளவு வெப்பமாக வேண்டும்; அதற்காகவே இங்கிலாந்தின் பூச்சிகள் சிறகை விரித்து நெடுநேரம் வெயில் காய்கின்றன. அய்யனார் கோவிலில் அந்தத் தேவை சூரியன் எழுந்த சிறிது நேரத்திலேயே நிறைவேறிவிடுகிறது. மலை மேற்கே நிற்பதால் கிழக்கிலிருந்து வரும் காலைவெயில் தடையின்றி ஓடையில் விழுகிறது. ஏழரை மணியளவில் சிறகு விரித்து வெயில் காயும் பூச்சிகளையும், எட்டு முதல் பத்தரை வரை ஈரமணலில் கூடும் கூட்டங்களையும் காணலாம். பதினோரு மணிக்குப் பின் வெப்பம் மிகும்போது பெரும்பாலானவை இலைகளின் அடியிலும் மரநிழலிலும் சிறகை மூடி ஒடுங்கிவிடுகின்றன. பிற்பகலில் மலையின் நிழல் கோவிலின்மீது வழக்கத்தைவிட முன்னதாகவே இறங்கிவிடும். ஆகவே விடிந்தபின் வந்து, பதினொன்றரைக்குள் வேலையை முடித்துக்கொண்டு, நண்பகலைத் தோப்புகளின் நிழலில் கழிப்பதே இப்பகுதிக்கு உகந்த நாள்முறை.

வைகாசிக் கடைசியிலும் ஆனியிலும் மலையிடைவெளிகள் வழியே மேல்காற்று வலுத்து வீசத் தொடங்கும். சாரல் மேகங்கள் உச்சியை மூடியிருக்கும். அப்போது திறந்த சரிவுகளில் படமெடுக்க முயல்வது வீண். ஓடையின் வளைவுகளில் காற்று புகாத மடிப்புகளை நாடவேண்டும்.

ஈரமணலில் கூடும் ஆண்பூச்சிகள்

கோடைக்கால ஓடைக்கரையில் காணக்கூடிய மிகச் சிறந்த காட்சி, பட்டாம்பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து ஈரமணலை உறிஞ்சுவதாகும். இது தாகத்தால் நிகழ்வதன்று. பூந்தேனில் சர்க்கரை மிகுதி, சோடியம் மிகக் குறைவு. இலையுண்டு வளர்ந்த புழுப்பருவத்திலும் போதிய சோடியம் உடலில் சேர்ந்திருப்பதில்லை. ஆகவே மணலில் கரைந்துள்ள உப்புகளை நீரோடு உறிஞ்சி, உப்பை நிறுத்திக்கொண்டு மிகுதி நீரை வயிற்றின் நுனியால் துளித்துளியாக வெளியேற்றுகின்றன. உற்று நோக்கினால் அத்துளி பீய்ச்சப்படுவதைக் கண்ணாலேயே காணலாம். இவ்வாறு கூடுபவை பெரும்பாலும் ஆண்பூச்சிகள். அவை சேர்த்த உப்பின் ஒரு பகுதி இணைசேரும்போது விந்துப்பையோடு பெண்ணுக்குச் சென்று, முட்டைகளின் வளர்ச்சிக்கு உதவுகிறது. மணலில் அமர்ந்திருக்கும் ஆண்பூச்சி ஒரு தலைமுறைக்கான சேமிப்பில் ஈடுபட்டிருப்பதை நினைவிற்கொண்டால், அதைக் கலைத்துப் பறக்கவிட்டுப் படமெடுக்கும் பழக்கம் எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும்.

எல்லா ஈரமணலும் ஒன்றன்று. ஓடும் நீரை ஒட்டிய மணலைவிட, நீர் வற்றி ஈரம் மட்டும் எஞ்சிய மணல்திட்டின் விளிம்பில் உப்பு செறிந்திருக்கும். விலங்குகள் சிறுநீர் கழித்த இடம், மான் அல்லது மாட்டின் சாணம் கிடக்கும் இடம், கோவிலுக்கு வந்தோர் பொங்கலிட்டிருந்தால் அடுப்புச் சாம்பல் நனைந்து கிடக்கும் இடம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கூட்டம் பெரும்பாலும் இனம் இனமாகவே அமையும்: கொன்னை வெள்ளையன்கள் ஒரு திட்டிலும், நீலன்கள் எனப்படும் நகமளவான சிறுபூச்சிகள் வேறொரு திட்டிலும், கருநிறச் சிறகின் நடுவே நீலப்பச்சைப் பட்டை கொண்ட புளூபாட்டில், ஜே வகைகள் இன்னொரு திட்டிலும் அமர்ந்திருக்கும். பின்சிறகில் நீண்ட வாள் போன்ற வால் கொண்ட ஸ்பாட் சோர்டுடெயில் முன்கோடையில் மட்டுமே மிகுதியாகப் பறப்பது. மழைக்காலத்தில் வருபவருக்கு அரிதாகும் இந்த இனம் கோடைப் பயணியின் தனி உரிமை எனலாம். மேலே, ஈரப்பதம் மிகுந்த காட்டை ஒட்டிய ஓடைப்பகுதிகளில் தமிழ் மறவனையும் எதிர்பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும், செம்மஞ்சள் சிறகின் ஓரங்களில் கருமை படர்ந்த இந்த இனம் 2019-இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. அதன் புழுக்கள் நீரடிமுத்து மரத்தின் இலையை உண்கின்றன.

சிலர் கூட்டத்தை வரவழைப்பதற்காக உப்புநீரையோ, அழுகிய மீனையோ மணலில் இடுவதுண்டு. காப்பகத்தின் எல்லைக்குள் அது கூடாது. அழுகிய மீன் பன்றியையும் குரங்கையும் பாதைக்கு இழுக்கும். ஓடையின் நீர் கீழே ஊராரின் பயன்பாட்டுக்குப் போகும் நீர். ஓடையில் சோப்பும் ஷாம்பூ உறையும் மிதக்கவிடுவது அதைவிடக் கொடியது என்பதை இங்கு அழுத்திச் சொல்வது தேவையாகிறது, ஏனெனில் நுரை படிந்த மணல்திட்டுகளில் பட்டாம்பூச்சி அமர்வதில்லை.

செடியைக் கொண்டு பூச்சியை அறிதல்

பட்டாம்பூச்சி எங்கும் தேன் குடிக்கும். முட்டையை மட்டும் தன் புழு உண்ணும் செடியில்தான் இடும். இச்செடியை உணவுச்செடி என்பர். பறக்கும் பூச்சியைத் துரத்துபவரைவிட உணவுச்செடியின் அருகே அமைதியாக நிற்பவருக்கே நல்ல படம் கிடைக்கிறது. சுண்ணாம்புப் புல்வெளிக்கும் அய்யனார் கோவிலுக்கும் மாறாமல் பொருந்தும் விதி இது.

கோவிலுக்கு வரும் சாலையோரத் தரிசில் எருக்கு நிற்கும் இடமெல்லாம் வெந்தய வரியன் இருக்கும். ஆவாரையும் சரக்கொன்றையும் பூத்திருக்கும் இடத்தில் கொன்னை வெள்ளையன் பெண்பூச்சிகள் தளிரைத் தேடித் தாழப் பறக்கும். இலந்தைப் புதரில் வெள்ளைச் சிறகில் கரும்புள்ளிகள் தெறித்த காமன் பியரோவும், ஆமணக்கில் செம்பழுப்புச் சிறகில் அலை அலையான கோடுகள் கொண்ட காமன் காஸ்டரும் வளர்கின்றன. வேலிகளில் படரும் சிறுபூனைக்காலிக் கொடியில் டானி கோஸ்டரின் முட்புழுக்கள் கூட்டமாகக் கிடப்பதைக் காணலாம். காட்டோரத்தில் ஈஸ்வரமூலிக் கொடியைக் கண்டால் அங்கேயே நிற்பது நல்லது: ரோஜா அழகி, சிவப்புடல் அழகி, அனைத்திலும் பெரியதான சதர்ன் பேர்டுவிங் ஆகிய மூன்றும் அக்கொடியின் குடும்பத்தையே நம்பி வாழ்கின்றன. கருமையும் பொன்மஞ்சளும் கொண்ட பேர்டுவிங்கின் ஒரு பெண்பூச்சி 190 மில்லிமீட்டர் சிறககலத்துடன் 1932 முதல் இந்தியாவின் மிகப்பெரிய பட்டாம்பூச்சியாகக் கருதப்பட்டு வந்தது. இமயமலையின் கோல்டன் பேர்டுவிங் 194 மில்லிமீட்டர் அளவுடன் அவ்விடத்தைப் பெற்றது 2020-இல்தான்.

தோப்புகளைப் பலர் பொருட்படுத்தாமல் கடந்துவிடுகின்றனர். அது பெரிய இழப்பு. கோடை என்றாலே ராஜபாளையத்துக்கு மாம்பழக் காலம். சப்பட்டை வகை மாம்பழங்கள் மரத்தடியில் விழுந்து புளிக்கும் நாட்களில், பூவை அறவே நாடாத சில இனங்கள் அங்கே வந்து சேர்கின்றன. பாரன் என்னும் பழுப்புநிறப் பூச்சி மாவிலையிலேயே புழுவாக வளர்ந்து, மாம்பழச் சாற்றையே உறிஞ்சுகிறது. அதன் பச்சைப்புழு இருபுறமும் இறகு போன்ற கிளைமுட்களை விரித்து இலையின் நடுநரம்போடு பொருந்திக் கிடப்பதால் கண்ணெதிரே இருந்தும் புலப்படுவதில்லை. புளியமரத்தில் வளரும் பிளாக் ராஜா அம்பு போல வந்து பழத்தில் அமர்ந்தால், குடித்து மயங்கியதைப் போல் நெடுநேரம் அசையாமல் இருக்கும். படமெடுப்பவர் கையெட்டும் தொலைவு வரை நெருங்கலாம். தென்னந்தோப்பின் நிழலில் பாம்ஃபிளை தாழப் பறந்து திரிவதும் இவ்வேளையில் காணத்தக்கது. தோப்புகள் தனியாருக்கு உரியவை. காவலிருப்பவரிடமோ உரிமையாளரிடமோ ஒரு வார்த்தை கேட்டு உள்ளே செல்வதே முறை.

நீலன்களைத் தேடுபவர் எறும்புகளை முதலில் தேடவேண்டும். நீலன் குடும்பத்தைச் சேர்ந்த பல இனங்களின் புழுக்கள் முதுகில் உள்ள சுரப்பியிலிருந்து இனிப்பான நீரைச் சுரக்கின்றன. அதை உண்ணும் எறும்புகள் புழுவைச் சுற்றிக் காவல் நின்று ஒட்டுண்ணிக் குளவிகளை விரட்டுகின்றன. கிலுகிலுப்பையின் காயிலோ இலந்தையின் தளிரிலோ எறும்புகள் ஓரிடத்தில் மொய்த்தால் அதன் நடுவே புழு இருக்க வாய்ப்புண்டு. இந்த உறவு எவ்வளவு நுட்பமானது என்பதை இங்கிலாந்தே பெரும் விலை கொடுத்து அறிந்துகொண்டது. அங்கே லார்ஜ் புளூ என்னும் இனத்தின் புழுவை ஒருவகைச் செவ்வெறும்பு தன் புற்றுக்குத் தூக்கிச் சென்று வளர்க்கிறது. 1950-களில் நோய் பரவி முயல்கள் மடிந்தபின் புல் உயர்ந்து வளர்ந்தது. தரையில் விழும் வெயில் குறைந்து மண் குளிர்ந்தது. வெப்பமான மண்ணை விரும்பும் அந்தக் குறிப்பிட்ட எறும்பு அகன்றது. 1979-இல் அந்தப் பட்டாம்பூச்சியே பிரிட்டனில் அற்றுப்போயிற்று. காரணத்தை ஜெரமி தாமஸ் என்னும் ஆய்வாளர் கண்டறிந்த பின், சுவீடனிலிருந்து கொணர்ந்த பூச்சிகளைக் கொண்டு 1980-களில் அவ்வினம் மீட்கப்பட்டது. சில சென்டிமீட்டர் புல்லின் உயரம் ஓர் இனத்தின் வாழ்வை முடிவு செய்த இந்த வரலாறு, மலையடிவாரத்தில் ஆடு மேயும் சிறு புல்திட்டைக்கூடப் பயனற்ற தரிசு என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்குப் போதிய சான்று.

ஒன்றைப்போல் மற்றொன்று

அழகான படம் எடுத்தும் எந்த இனம் என்று சொல்ல முடியாமல் போவது தொடக்கநிலையில் உள்ளோர்க்கு வழக்கமாக நேர்வது. அதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரே பக்கத்தை மட்டும் எடுத்ததுதான். சிறகின் மேற்புறம், அடிப்புறம், உடல் ஆகிய மூன்றும் தெரியும்படி எடுத்தால் ஐயம் பெரும்பாலும் தீரும். கறிவேப்பிலை அழகியின் பெண்பூச்சி இதற்குச் சிறந்த பாடம். அதன் பெண்கள் மூன்று வடிவங்களில் உள்ளன: ஒன்று ஆணைப் போன்றது, மற்றொன்று ரோஜா அழகியைப் போன்றது, மூன்றாவது சிவப்புடல் அழகியைப் போன்றது. ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் ஈஸ்வரமூலியின் நச்சைப் புழுப்பருவத்திலேயே உடலில் ஏற்றிக்கொள்வதால் பறவைகள் அவற்றைத் தொடுவதில்லை. நச்சில்லாத கறிவேப்பிலை அழகி அவற்றின் தோற்றத்தைப் பூண்டு தப்பிக்கிறது. இதை ஒப்புருவாக்கம் என்பர். பிரித்தறியும் வழி உடலின் நிறம்: நச்சுள்ள இரண்டுக்கும் உடல் சிவப்பு, வேடம் பூண்டதற்கு உடல் கருமை. சிறகின் அழகில் மயங்கி உடலைக் குவியத்துக்கு வெளியே விட்டுவிட்டால் இந்த வேறுபாடு படத்தில் பதிவாகாது. அதேபோல் டனாய்டு எக்ஃபிளையின் பெண், வெந்தய வரியனின் வேடத்தைப் பூண்டிருக்கும். வெந்தய வரியனின் பின்சிறகின் நடுவே சில கரும்புள்ளிகள் இருக்க, எக்ஃபிளைக்கு முன்விளிம்பில் ஒரே புள்ளி.

கோடையில் இன்னொரு குழப்பமும் சேரும். ஈவினிங் பிரவுன், புஷ்பிரவுன், மயில் வசீகரன் முதலிய இனங்கள் பருவத்துக்கேற்பத் தோற்றத்தை மாற்றிக்கொள்பவை. மழைக்கால வடிவத்தின் அடிச்சிறகில் கண் போன்ற புள்ளிகள் தெளிவாக இருக்கும். வறட்சிக்கால வடிவத்தில் அவை மங்கியோ மறைந்தோ போய், சிறகு உலர்ந்த சருகைப் போலாகிவிடும். நூல்களில் அச்சாகும் படங்கள் பெரும்பாலும் மழைக்கால வடிவங்களாதலால், கோடையில் எடுத்த படத்தை அவற்றோடு ஒப்பிடுபவர் புதிய இனத்தைக் கண்டதாக எண்ணிவிடக்கூடும்.

படமெடுக்கும் முறை

விலையுயர்ந்த கருவி இன்றியமையாததன்று. ஈரமணலில் உறிஞ்சும் பூச்சியைக் கைப்பேசியாலேயே நன்கு எடுக்கலாம். வேண்டுவது முழங்காலை மண்ணில் ஊன்றும் மனம். லென்ஸ் மாற்றும் கேமரா உள்ளவர்களுக்கு 90 முதல் 105 மில்லிமீட்டர் வரையிலான மேக்ரோ லென்ஸ் ஏற்றது. மேக்ரோ என்பது மிக அருகிலிருந்து சிறுபொருளைப் பெரிதாகப் பதியும் லென்ஸ். அவ்வளவு அருகில் குவியத்தின் ஆழம், அதாவது கூர்மையாகப் பதியும் பகுதியின் தடிமன், மிகக் குறைந்துவிடுவதால் அபர்ச்சரை எப்/8 முதல் எப்/11 வரை வைத்துக்கொள்ளலாம். ஷட்டர் வேகம் நொடியில் 1/500-க்குக் குறையாமல் இருந்தால் சிறகின் நடுக்கம் படத்தைக் கெடுக்காது. காலைவெயில் போதுமானதாக இருப்பதால் இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை மிகையாக உயர்த்தாமலேயே எடுக்க முடியும். சிறகின் தளமும் கேமராவின் பின்புறமும் இணையாக இருக்கும்படி உடலைச் சாய்த்து நின்றால் சிறகு முழுவதும் கூர்மையாக விழும். தொடக்கத்தில் படங்கள் மங்குவதற்கு இந்த இணைவு அமையாததே கருவிக் குறைபாட்டைவிடப் பெரிய காரணம்.

நெருங்கும் முறையே முதன்மையானது. பட்டாம்பூச்சி உருவத்தைவிட அசைவையும் நிழலையும் கண்டே அஞ்சுகிறது. காலையில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி நடப்பவரின் நீண்ட நிழல் அவருக்கு முன்னரே கூட்டத்தின்மீது விழுந்துவிடும். ஆகையால் வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ பக்கவாட்டில் அணுக வேண்டும். முதல் படத்தைத் தொலைவிலேயே எடுத்துவிட்டு, குனிந்து, பின் மண்டியிட்டு, பின் முழங்கையை ஊன்றி, நிறுத்தி நிறுத்தி முன்னேறுதல் நலம். கூட்டம் ஒருமுறை கலைந்தாலும் அந்த இடத்திலேயே அசையாமல் இருந்தால் சில நிமிடங்களில் அவை திரும்ப வந்து அமரும், சில சமயம் வியர்வையின் உப்பை நாடிக் கையிலேயே அமரும். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மயங்கச் செய்து பூவில் ஒட்டி எடுத்த படங்கள் போட்டிகளில் வந்ததுண்டு. அது படமெடுப்பதாகாது, வதை.

காட்டின் ஒழுங்கு

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காப்பகத்திலிருந்து உரிய அனுமதியின்றிப் பூச்சியையோ புழுவையோ செடியையோ எடுத்துவருவது குற்றம். வலைக்கு இங்கே இடமில்லை. கோவில்வரை பக்தர்கள் சென்றுவரும் வழியை விட்டு மேலே அருவிக்கோ காட்டுக்கோ செல்ல நினைப்பவர், அன்றைய நிலையை வனத்துறையினரிடம் கேட்டறிந்து, அவர்கள் வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டும். தேனி மாவட்டத்தின் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்த பின், தீ அபாயக் காலத்துக் கட்டுப்பாடுகள் கடுமையாக்கப்பட்டன. கோடைக்காலப் பயணம் என்பதே அந்த அபாயக் காலத்துப் பயணம். பீடித்துண்டு, சமையல் அடுப்பு எதுவும் கோவில் வளாகத்தைத் தாண்டிச் செல்லக் கூடாது. மாறாக, மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும் போதே ஓடையில் திடீரென நீர் பெருகும். மணல்திட்டில் படுத்து லென்ஸ் வழியே பார்த்துக்கொண்டிருப்பவர் இதை உணர்வது கடினமாதலால், இருவராகச் சென்று ஒருவர் மேற்கே மேகத்தைக் கவனித்திருப்பது அவசியம். நீர் கலங்கி, சருகுகள் மிதந்து வரத் தொடங்கினால் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். யானைகள் தோப்புகளுக்கு இறங்குவதுண்டு. விடிவதற்கு முன்னும் அந்திக்குப் பின்னும் சாலையில் நடக்கலாகாது. சனி, ஞாயிறு, ஆடி மாதச் சிறப்பு நாட்களில் கூட்டம் மிகும். வார நாட்களே உகந்தவை. ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பில் இதே நேரமுறையைக் கைக்கொள்ளலாம்.

எடுத்த படங்கள் கைப்பேசியிலேயே கிடந்துவிட்டால் அவற்றின் பயன் பாதியாகிவிடும். நாள், மணி, இடம், செடியின் பெயர், பூச்சி என்ன செய்துகொண்டிருந்தது என்பவற்றோடு ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுப்பதிவுத் தளங்களில் அவற்றை ஏற்றினால், பிறர் அடையாளத்தைச் சரிபார்த்துத் தருவர். சித்திரை முதல் ஆனி வரை வருபவர் சிறப்பாகப் பதியத்தக்க ஒன்று உண்டு. நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் முதலிய வரியன்கள் தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளியை நோக்கியும், வடகிழக்குப் பருவத்தை ஒட்டிய மாதங்களில் மலையை நோக்கியும் கூட்டமாக வலசை போகின்றன. இடையில் தங்கும்போது கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகியவற்றின் வாடிய தண்டுகளில் ஆண்பூச்சிகள் மொய்க்கும். இணையைக் கவரும் மணப்பொருளைச் செய்வதற்கான வேதிப்பொருளை அவை அத்தண்டிலிருந்து பெறுகின்றன. அத்தகைய கூட்டத்தைக் கண்டால் இரண்டு மரங்களுக்கு இடையே ஒரு கற்பனைக் கோட்டை வகுத்து, ஐந்து நிமிடத்தில் அதைக் கடக்கும் பூச்சிகளை எண்ணி, அவை பறக்கும் திசையையும் காற்றின் திசையையும் குறித்துக்கொள்ள வேண்டும். நீல வரியனா கருநீல வரியனா என்று பறக்கும்போது பிரித்தறிய முடியாதவற்றை இனப்பெயரிடாமல் வரியன் என்ற பொதுப்பெயரிலேயே எழுதி வைப்பது, ஊகித்து எழுதிய பெயரைவிட ஆய்வாளர்க்குப் பயன்படும்.